மைக் வாய்க்கு அருகில் இருக்கட்டும்

பொங்கல் விழாவன்று நம் கிளப் ஹவுஸில் நான் பேசியதை எழுதித் தரும்படி இதழ்க் குழுவினர் கேட்டார்கள். அன்று ஊருக்குப் போயிருந்தவர்களுக்காக, பேசியதை ஏறக்குறைய அப்படியே தருகிறேன்.

 

பன்னிரண்டரைக்குப் பந்தி போட்டுவிடுவார்கள் என்று செயலாளர் என் காதில் சொல்லிவிட்டுப் போனார். கவலை வேண்டாம். 34 வருடம் வங்கி கவுன்டரில் உட்கார்ந்தவன் நான். நேரம் ஆனதும் ஷட்டரை இறக்க எனக்குத் தெரியும்.

நம் வளாகத்து நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து, பாட்காஸ்ட்டாக உங்கள் போனுக்கு அனுப்பி வருகிறேன். சர்க்கரை நோய் பற்றி மருத்துவர் பேசியது, நவராத்திரிச் சொற்பொழிவு, பிள்ளைகளின் பட்டிமன்றம் எல்லாம் கேட்டிருப்பீர்கள். "ரேடியோ மாதிரி இருக்கே சார், என்ன மெஷின் வச்சிருக்கீங்க?" என்று லிஃப்ட்டில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறீர்கள். மெஷினில் பெரிதாக ஒன்றுமில்லை. நான் பொறியியல் படித்தவனும் இல்லை, பி.காம். பட்டதாரி. ஒரு பெரிய தப்பைச் செய்துவிட்டு அதற்குப் பிறகு கற்றுக்கொண்டவன். அந்தத் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கைவிட்டுப் போன பதிவு

இரண்டு வருடத்துக்கு முன் குடியரசு தின விழா. இதே ஹால். பி பிளாக்கில் இருந்த பெரியவரை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தினமும் காலையில் வேப்பமரத்தடி பெஞ்சில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். அன்று அவரைப் பேச அழைத்திருந்தோம்.

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பன் ரயில் பாலமும் சிதைந்தது. அந்தப் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். அந்த வேலையை நடத்திய இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன், பிற்காலத்தில் டெல்லி மெட்ரோ மூலம் நாடு முழுக்கத் தெரிந்தவர் ஆனார். நம் பெரியவர் அப்போது மண்டபத்தில் கூலிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த இருபது வயதுப் பையன். அந்த நாட்களைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். கையில் குறிப்புக்கூட இல்லை.

கடலில் விழுந்த கர்டர்களைத் தேடி எடுக்க உதவிய மீனவர்களை அவருக்கு நேரடியாகத் தெரியும். கூலிப் பட்டியலில் பெயர் எழுதியவர் அவர்தானே! ஒவ்வொரு பெயராகச் சொல்லி, இவர் இப்படி, அவர் அப்படி என்று சொல்லிக்கொண்டே போனார். ஹாலில் இருந்த பிள்ளைகள்கூட அசையாமல் கேட்டார்கள்.

நான் என்ன செய்தேன்? போனில் ரெக்கார்டிங் பட்டனைத் தட்டி, கடைசி வரிசைக்குப் பக்கத்து ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு டீயும் சமோசாவும் வாங்கப் போனேன்.

நான்கு மாதம் கழித்து அவர் காலமானார். காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு அவர் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தார். "சார், அப்பா பேசினதை நீங்க ரெக்கார்ட் பண்ணீங்களாமே. கொஞ்சம் தர முடியுமா?" என்று கேட்டார். பெருமையாகத்தான் எடுத்தேன். அதுவரை நானே அதை ஒரு தடவைகூட முழுதாகக் கேட்டதில்லை என்பதுதான் நிஜம். இருவரும் சேர்ந்து கேட்டோம். மின்விசிறிச் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம். என் போனுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் பார்க்கிங் தகராறு பற்றிப் பேசியது மட்டும் மணிமணியாகக் கேட்டது. எல்லாவற்றுக்கும் பின்னால், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் பெரியவர் குரல்.

அந்த அம்மா பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டார். "குரல் அப்பாதான் சார். என்ன சொல்றார்னுதான் புரியலை" என்றார். நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தேவலை.

மீனவர்களின் பெயர்கள் வரும் இடம் ஒன்றரை நிமிடம். அதை மட்டும் ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன். ஒரே ஒரு பெயர் பாதி கேட்கிறது. மற்றதெல்லாம் விசிறிக்குள் போய்விட்டது. இரைச்சலை நீக்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். விசிறிச் சத்தம் குறைந்தது. அதோடு குரலும் தண்ணீருக்குள் பேசுவதுபோல் ஆகிவிட்டது. பெயர்கள் வரவில்லை. பதிவாகாததை எந்த மென்பொருளும் கொண்டுவந்து கொடுக்காது. வவுச்சரே இல்லாமல் லெட்ஜரில் என்ட்ரி போட முடியுமா?

அன்றிலிருந்து இதைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். கற்றதை இனி வரிசையாகச் சொல்கிறேன்.

ஸ்டுடியோ வேறு, விழா வேறு

பாட்காஸ்ட் என்ற சொல் முதலில் அச்சில் வந்தது 2004 பிப்ரவரியில், லண்டனிலிருந்து வரும் கார்டியன் பத்திரிகையில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையில். அடுத்த ஆண்டே அமெரிக்க ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. சொல்தான் புதிது, வேலை பழையது. சென்னை வானொலி நிலையம் 1938இல் தொடங்கியது. திருவையாறு ஆராதனையில் பஞ்சரத்ன கீர்த்தனை பாடுவதை ரேடியோவில் நேரடி ஒலிபரப்பாகக் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். காவிரிக் கரைப் பந்தலில் பாடியது நம் சமையலறையில் கேட்டது. அதற்காக ஒரு குழுவே கருவிகளோடு அங்கே போயிருக்கும். இன்று அந்தக் கருவிகள் ஒரு கைப்பைக்குள் அடங்குகின்றன. ஆனால் அவர்கள் கவனித்த விஷயங்களை நாமும் கவனித்தே ஆக வேண்டும்.

ஸ்டுடியோவில் சரியாக வராவிட்டால் இன்னொரு தடவை பேசச் சொல்லலாம். விழாவில் அது நடக்காது. கைதட்டலை மறுபடி வாங்க முடியாது. எண்பது வயதுக்காரரை, "ஐயா, முதலிலிருந்து சொல்லுங்கள்" என்று கேட்க முடியாது. அதனால் நல்ல பதிவுக்கான வேலையில் பெரும் பங்கு, நிகழ்ச்சி தொடங்கும் முன்பே முடிந்துவிட வேண்டும்.

முதல் பாடம்: தூரம்

எல்லாப் பாடத்திலும் இதுதான் பெரியது. மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வாய்க்கும் மைக்குக்கும் இடையே உள்ள தூரம் இரண்டு மடங்கானால், நேராக வரும் குரலின் ஒலியழுத்தம் பாதியாகும். டெசிபல் கணக்கில் 6 குறையும். ஆனால் விசிறிச் சத்தமும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் ஹால் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். மைக் தள்ளிப் போகப் போக, குரல் மட்டும் தேய்கிறது. இரைச்சல் அப்படியே நிற்கிறது. வரவு குறைந்து செலவு குறையாத வீட்டுக் கணக்கு மாதிரி.

10 சென்டிமீட்டரில் வைக்க வேண்டிய மைக்கை 3 மீட்டர் தள்ளி வைத்தால் தூரம் 30 மடங்கு. அந்தக் குறையை எவ்வளவு விலை உயர்ந்த மைக்காலும் ஈடுகட்ட முடியாது. வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும் மலிவான மைக், அறையின் மறுகோடியில் இருக்கும் பெரிய மைக்கை ஜெயித்துவிடும்.

இங்கேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். எல்லோரும் ஒரு முறை கை தட்டுங்கள். ஆங்... கேட்டதா? தட்டி நிறுத்திய பிறகும் ஒரு கணம் சத்தம் நிற்கவில்லை. டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல், வெறும் சுவர். அந்த நீட்சிதான் பதிவைக் கிணற்றுக் குரலாக்குகிறது. இப்படிப்பட்ட ஹாலில் மைக் அருகில் இருப்பது ஒன்றுதான் மருந்து.

மைக்கில் பல வகை உண்டு. நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டு போதும். கையில் பிடிக்கும் டைனமிக் மைக் ஒன்று. அதில் பெயர் பெற்றது ஷூர் எஸ்.எம். 58, 1966இல் வந்தது, இன்றும் மேடைகளில் அதுதான். அதைவிட விலை குறைந்ததும் நம் வேலைக்குப் போதும். இந்த வகை முன்னால் இருந்து வரும் குரலை நன்றாக வாங்கும். பின்னால் இருந்து வருவதைக் குறைத்துக்கொள்ளும். இரைச்சலான இடத்துக்கு ஏற்றது. இரண்டாவது, சட்டையில் மாட்டும் காலர் மைக். உட்கார்ந்து பேசுபவர்களுக்கு அது நல்லது. நெஞ்சுக்கு நடுவில், தாடையிலிருந்து ஒரு சாண் கீழே மாட்டுங்கள்.

ஒரு மணி நேரம் முன்னால்

நிகழ்ச்சி ஆறு மணிக்கு என்றால் நான் ஐந்து மணிக்கு ஹாலில் இருப்பேன். முதல் ஐந்து நிமிடம் எந்தப் பெட்டியையும் திறப்பதில்லை. நடு ஹாலில் நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். நம் காது பொல்லாதது. பழகிய சத்தத்தைத் தள்ளிவிட்டுப் பேச்சை மட்டும் கேட்கும். மைக்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும்.

நம் ஹாலில் நான் கண்டுபிடித்தவை: மேடைக்கு மேலே உள்ள விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்' போடும். பேன்ட்ரியில் இருக்கும் ஃபிரிட்ஜ் கால் மணிக்கு ஒரு தரம் உறுமும். லிஃப்ட் கதவு திறந்தால் மணியடிக்கும். பின்பக்கம் மின்சார ரயில் போகும். ரயிலை நிறுத்த நம்மால் முடியாது. மேடை விசிறியை நிறுத்தி ஓரத்து விசிறிகளை ஓடவிடலாம். ஃபிரிட்ஜை அணைக்கலாம். அணைத்தால் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. திரும்ப ஆன் செய்வதை மறக்கவும் முடியாது. ஒலிப்பதிவுக்காரர்கள் செய்கிற பழைய தந்திரம் இது. ஒரு தடவை நான் சாவி வைக்க மறந்து, பிள்ளைகளின் ஐஸ்கிரீம் எல்லாம் பாயசமான கதை உங்களுக்கே தெரியும்.

சமையல் நடக்கும் பக்கம் போய், "பேச்சு முடியும்வரை பாத்திரத்தைக் கொஞ்சம் மெதுவாக வையுங்கள்" என்று சொல்லிவிடுவேன். செக்யூரிட்டியிடம் ஜெனரேட்டர் சோதனையை வேறு நேரத்துக்கு மாற்றச் சொல்வேன். இதற்கெல்லாம் காசு வேண்டாம், முன்கூட்டியே வாய் திறந்து கேட்டால் போதும்.

கடைசியாக, ஹால் காலியாக இருக்கும்போது ஒரு நிமிடம் வெறும் அறையின் ஒலியைப் பதிவு செய்துகொள்வேன். பிறகு வெட்டி ஒட்டும்போது நடுவில் முழு நிசப்தம் வந்தால் கேட்பவருக்கு போன் கட்டானது போல் இருக்கும். அந்த இடத்தில் இந்த ஒரு நிமிடத்திலிருந்து கொஞ்சம் எடுத்து நிரப்பலாம்.

இரட்டைப் பதிவு

வங்கியில் எல்லாமே இரண்டு இடத்தில் எழுதுவோம். இதிலும் அப்படித்தான்.

பெரிய விழாவுக்கு மைக் செட்காரர் வருவார். அவரிடம் ஒரு மிக்ஸர் இருக்கும். முன்கூட்டியே பேசி, அதிலிருந்து ஒரு வயர் என் ரெக்கார்டருக்கு வாங்கிக்கொள்வேன். மேடை மைக்கில் பேசுவது அப்படியே சுத்தமாக வரும். இங்கே ஒரு எச்சரிக்கை. மிக்ஸரிலிருந்து வருவது லைன் அளவு. மைக்கிலிருந்து வருவதைவிடப் பல மடங்கு பலமானது. ரெக்கார்டரில் லைன் என்று மாற்றாமல் மைக் என்றே விட்டுவிட்டால் எல்லாம் கரகரவென்று உடைந்து போகும். சில நேரம் 'ம்ம்' என்று ஒரு ரீங்காரமும் வரும். அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சத்தம். ரெக்கார்டரைச் சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும்.

மிக்ஸர் பதிவு சுத்தமாக இருந்தாலும் உயிர் குறைவு. ஏனென்றால் மேடை மைக்கில் விழாதது எதுவும் அதில் இருக்காது. பட்டிமன்றத்தில் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தது இருக்காது. மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் கேட்ட கேள்வி இருக்காது. பதில் மட்டும் இருக்கும். அதனால் இரண்டாவதாக ஒரு ரெக்கார்டரைச் சபையைப் பார்த்து முன் வரிசைக்கு அருகில் ஸ்டாண்டில் வைக்கிறேன். இரண்டும் ஓட ஆரம்பித்ததும் பலமாக ஒரு கை தட்டிவிடுவேன். பிறகு கணினியில் இரண்டு பதிவையும் அந்தத் தட்டலை வைத்துப் பொருத்திவிடலாம். சினிமாக்காரர்கள் கிளாப் அடிப்பதும் இதற்குத்தான். ஒன்று கெட்டாலும் இன்னொன்று கை கொடுக்கும்.

மிக்ஸரில் வயர் கிடைக்காவிட்டால், ஒலிபெருக்கிக்கு ஒரு மீட்டர் முன்னால் ரெக்கார்டரை வைத்துவிடுங்கள். முதல் தரமாக இருக்காது. கடைசி வரிசை ஜன்னல் திட்டைவிட எவ்வளவோ மேல்.

அளவும் இருப்பும்

ரெக்கார்டரில் ஒலி அளவைக் காட்டும் முள் பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி உடைகிறது என்று அர்த்தம். உடைந்ததை ஒட்ட முடியாது. பேசுபவரின் சாதாரணக் குரல் மைனஸ் 12 டெசிபல் அளவுக்குப் போகும்படி வைத்தால், திடீரென்று அவர் குரலை உயர்த்தினாலும் இடம் மிச்சமிருக்கும். கையிருப்பு முழுவதையும் பட்டுவாடா செய்துவிட்டு உட்கார்ந்திருக்கும் கேஷியரை நான் பார்த்ததில்லை. இதிலும் கொஞ்சம் கையிருப்பு வேண்டும்.

பதிவை எம்.பி.3யாக எடுக்காமல் வேவ் கோப்பாக, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எடுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜி.பி. ஆகும். 32 ஜி.பி. கார்டில் 30 மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் காலி கார்டு, புது பேட்டரி, மாற்று பேட்டரி. போனிலேயே பதிவு செய்பவர்கள் ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள். நடுவில் சம்பந்தி கூப்பிட்டால் பதிவு போச்சு.

காதில் ஹெட்போன்

தூரத்துக்கு அடுத்தபடி முக்கியமானது இதுதான். காதை முழுதாக மூடும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நிகழ்ச்சி முடியும்வரை கேட்க வேண்டும். முள் ஆடுவதைப் பார்த்தால் சத்தம் வருகிறது என்று தெரியும். எந்தச் சத்தம் என்று தெரியாது.

போன நவராத்திரியில் சொற்பொழிவு செய்த அம்மாவுக்குக் காலர் மைக் மாட்டினேன். முள் அழகாக ஆடியது. ஹெட்போனில் கேட்டால் ஒவ்வொரு அசைவுக்கும் 'சரக் சரக்' என்று பட்டுப் புடவையும் காசுமாலையும் உரசும் சத்தம். தொடங்குவதற்கு முன் என் மனைவி போய் மைக்கை மாலைக்கு மேலே மாற்றி, வயரைப் பின் போட்டு நிறுத்தினாள். இரண்டு நிமிட வேலை. அன்று ஹெட்போன் இல்லாமல் போயிருந்தால் ஒன்றரை மணி நேரச் சரசரப்பைத்தான் உங்களுக்கு அனுப்பியிருப்பேன்.

ஹெட்போன் மாட்டியவன் நிகழ்ச்சியை ரசிக்க முடியாது. டீ வாங்கப் போக முடியாது. யாராவது ஒருவர் அந்த வேலையை ஏற்றுக்கொண்டால்தான் மற்ற எல்லோருக்கும் அது கிடைக்கும்.

கூட்டத்துக்கு நடுவே பேட்டி

மேடைப் பேச்சு மட்டும் பாட்காஸ்ட் ஆகாது. கோலப் போட்டியில் கலந்துகொண்டவரிடம் இரண்டு வார்த்தை, பொங்கல் பானை வைத்தவரிடம் இரண்டு வார்த்தை இருந்தால்தான் கேட்பவருக்கு அந்த இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். அதற்குச் சில வழிகள்.

மைக்கை அவர் கையில் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பேச்சோடு அதுவும் ஆடும். நீங்களே பிடித்து, அவர் வாய்க்கு நான்கு விரல் தள்ளி, கொஞ்சம் கீழே வையுங்கள். ஒலிபெருக்கி உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். அப்போது மைக்கின் பின்புறம் ஒலிபெருக்கியைப் பார்க்கும். அந்தச் சத்தம் குறையும். வெளியில் என்றால் காற்றுக்குப் பஞ்சு உறை கட்டாயம். "நல்லா இருந்ததா?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்றுதான் பதில் வரும். "அந்தக் கோலத்தை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டால் ஒரு பாட்டியின் கதை வரும். அவர் பேசும்போது "ம்", "ஆமாமா" என்று நடுவில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுங்கள். இது எனக்கு வர ஆறு மாதம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகு

எவ்வளவு நேரமானாலும் அன்றிரவே கார்டிலிருந்து கணினிக்கு ஒரு பிரதி, வெளி டிரைவுக்கு ஒரு பிரதி. கேஷ் டாலி ஆகாமல் வீட்டுக்குப் போகக் கூடாது என்று பழகியவன் நான். கோப்புக்குத் தேதி, நிகழ்ச்சி, பேசியவர் என்று பெயர் வைக்கிறேன். 'புதிய பதிவு 17' என்று வைத்தால் ஒரு வருடம் கழித்து யாருக்கும் எதுவும் புரியாது.

வெட்டி ஒட்டுவதற்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். நீண்ட இடைவெளிகள், மைக் டெஸ்டிங், பொன்னாடை போர்த்தும் நேரம் ஆகியவற்றை எடுத்துவிடுவேன். பேசுபவர் யோசிக்கும் மௌனத்தை எடுப்பதில்லை. அதில் அவர் இருக்கிறார். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலைக் குறைப்பேன். கடைசியாக, மொத்தச் சத்தத்தை மைனஸ் 16 எல்.யு.எஃப்.எஸ். அளவில் வைத்து, உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வேன். ஆப்பிள் நிறுவனம் பாட்காஸ்ட்டுக்குச் சொல்லும் அளவு ஏறக்குறைய அதுதான். ஒரு பகுதி மெல்ல, அடுத்தது காதைப் பிளக்க என்று இராது. பிறகு மோனோவாக, 64 கே.பி.பி.எஸ். எம்.பி.3யாக மாற்றினால் ஒரு மணி நேரப் பேச்சு 30 எம்.பி.க்குள் அடங்கும். உங்கள் டேட்டாவும் மிச்சம்.

கேட்டுவிட்டுச் செய்ய வேண்டியது

செயற்குழுவில் கேட்டார்கள், "எல்லாத்தையும் போட்டுடலாமா?" என்று. கூடாது. 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில், நிகழ்த்துபவருக்கு என்று தனி உரிமை இருக்கிறது. 38ஆம் பிரிவு, 50 வருடம். பாடுபவர், ஆடுபவர் மட்டுமில்லை, சொற்பொழிவு செய்பவரும் அதில் வருகிறார், பாம்பாட்டியும் வருகிறார். ஆகவே பேசுபவரிடம் முதலிலேயே கேட்டு, ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறேன். பிள்ளைகள் என்றால் பெற்றோரிடம். விழாவில் ஒலிக்கும் சினிமாப் பாட்டை அப்படியே பாட்காஸ்ட்டில் சேர்ப்பதில்லை. அதற்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். பொதுக்குழுவில் பராமரிப்புக் கட்டணம் பற்றி நடக்கும் வாக்குவாதம், அது நமக்குள். அதற்கு மினிட்ஸ் புத்தகம் போதும்.

பதிவு செய்த பிறகு, "அந்த ஒரு வரியை எடுத்துடுங்க சார்" என்று யாராவது கேட்டால் எடுத்துவிடுகிறேன். ஒரே வளாகத்தில் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

ஒரு வேண்டுகோள்

இவ்வளவும் சொன்னது என் சாமர்த்தியத்தைக் காட்ட இல்லை. இந்த வளாகத்தில் 75 வயதைத் தாண்டியவர்களை நானும் டி பிளாக்கில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் தம்பியும் கணக்கெடுத்தோம். முப்பத்தொரு பேர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர் இருக்கிறார். கிராமத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர் இருக்கிறார். மூன்று தலைமுறை தறி ஓட்டிய குடும்பத்தைச் சேர்ந்தவர் இருக்கிறார். ஒவ்வொரு விழாவிலும் இவர்களில் ஒருவரை இருபது நிமிடம் பேச வைப்போம் என்று செயற்குழு ஒத்துக்கொண்டிருக்கிறது. வருடத்துக்கு ஆறேழு விழா. கணக்குப் போட்டுப் பாருங்கள், முப்பத்தொரு பேருக்கு நாலைந்து வருடம் ஆகும். அவ்வளவு நாள் காத்திருப்பது சரியில்லை. அதனால் விழாவுக்குக் காத்திராமல், வீட்டிலேயே வந்து பதிவு செய்யவும் தயாராக இருக்கிறோம்.

எனக்கு வேண்டியது ஹெட்போன் மாட்டிக்கொள்ள இரண்டு பேர். இளைஞராக இருக்க வேண்டும் என்பதில்லை. காது கேட்டால் போதும். சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பேச விரும்புகிறவர்களும், உதவ விரும்புகிறவர்களும் ஃபிளாட் எண்ணை எழுதி வையுங்கள். பெரியவர்கள் "எனக்கு என்ன தெரியும், நான் என்ன பேசறது" என்பார்கள். அவர்கள் சார்பில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எழுதுங்கள்.

பி பிளாக் பெரியவரின் பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கிளம்பும் முன் அந்த ஒன்றரை நிமிடத்தை ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் வருகிறேன். பாலத்துக்காகக் கடலில் இறங்கியவர்களின் பெயர்களை அறுபது வருடம் நினைவில் வைத்திருந்து அவர் நம்மிடம் கொடுத்தார். வாங்கிக்கொள்ள நான் அங்கே இல்லை. டீக் கடைப் பக்கம் இருந்தேன்.

மணி பன்னிரண்டு இருபத்தைந்து. இலை போட்டுவிட்டார்கள்.